கொட்டச்சேட்டில் நான் சொல்லிவிட்ட பதில்

உங்கள் மரபணு ஆலோசனைப் பயிற்சி வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் பேசும்படி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு இருப்பது ஒரே ஒரு விஷயம். அதைச் சொல்லும்போது குரல் எங்கே நின்றுபோகும் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். டீ இடைவேளையில் ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

உங்கள் ஒப்புதல் படிவம் பல பக்கங்கள் இருக்கிறது என்றார்கள். எங்கள் காலத்தில் அது ஒரே பக்கம். அதன் கடைசி வரி, ஆய்வின் முடிவு தனிப்பட்ட எவருக்கும் தெரிவிக்கப்பட மாட்டாது என்பது. அந்த வரியை எத்தனையோ பெண்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவள் நான். எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு பெண்ணிடம் அந்த வரியை மீறினேன். அவளுடைய பெயரை இங்கே ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். சமவெளியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை; பெயர் எதற்கு. பெண்கள் வார்டில்தான் பாதி ஆயுள் போனது. சினைப்பையில் வரும் புற்றுநோய் சத்தமில்லாமல் வரும். வயிறு உப்பும், நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று தோன்றும், இடுப்பு கடுக்கும். வாயு என்பார்கள், பூச்சி என்பார்கள், வயசுப் பெண்ணாக இருந்தால் மாசமாக இருக்கிறாளோ என்று சந்தோஷப்படுவார்கள். எங்களிடம் வந்து சேரும்போது வயிற்றில் நீர் கோத்திருக்கும். சில வீடுகளில் அம்மாவைத் தொடர்ந்து மகள், அக்காவைத் தொடர்ந்து தங்கை என்று வந்தார்கள். ஏன் என்று கேட்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

கேட்டவர் எங்கள் டாக்டரம்மா. தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு சின்ன ஆய்வைத் தொடங்கினார். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்கள் உடம்பில் சுற்றி வருகிறது. அதை வாங்கிக்கொள்ள உயிரணுவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது, ஏற்பி என்று சொல்கிறோம். ஹார்மோன் அதில் வந்து பொருந்தினால்தான் அது சொல்ல வந்தது உயிரணுவுக்கு எட்டும். அந்த ஏற்பியை உண்டாக்கும் மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. சிலருக்கு அதில் ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். அந்தத் துண்டு உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா? இதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. பதில் அப்போது யாரிடமும் இல்லை.

நோயாளிகளின் இரத்தம் வார்டிலேயே கிடைத்தது. நோயில்லாத பெண்களின் இரத்தமும் வேண்டும், அதுவும் அதே பக்கத்து ஜனங்களுடையது. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து எங்களுக்கு அப்போது நோயாளிகள் சிலர் இருந்தார்கள். நான் சேலத்துக்காரி, அந்தப் பேச்சு எனக்கு வரும். ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கோடு என்னை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

மலையில் எனக்கு முதல் முகவரியைத் தந்தவள் மேரி. ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் தையல் டீச்சர். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்தாள். அவளுடைய அம்மா வயிற்றுக் கட்டியில் இறந்தபோது மேரிக்குப் பதினைந்து வயது, தங்கை ஸ்டெல்லாவுக்கு ஏழு. அதற்குப் பிறகு தங்கைக்குத் தலை பின்னியதும் பள்ளிக்கு அனுப்பியதும் கட்டிக்கொடுத்ததும் மேரிதான். குடும்பத்தில் வேறு யாருடைய இரத்தம் கிடைக்கும் என்று கேட்டேன். தங்கை கொட்டச்சேட்டில் இருக்கிறாள், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் பெண்டாட்டி, போய்க் கேளுங்கள் என்றாள். போனால் தன் இருமலைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஸ்டெல்லாவின் வீடு காபிக் களத்தை ஒட்டி இருந்தது. நான் போன அன்று களம் நிறையக் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பழத்தோல் புளித்த வாசனை வாசல்வரை வந்தது. முப்பத்தொரு வயது, ஒடிசலான உடம்பு, நடக்கும்போது ஓடுவதுபோல நடப்பாள். ஆக்னஸ் என்று நாலு வயதில் ஒரு மகள். நான் படிவத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். ஊசியை எடுத்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஏனுங்க சிஸ்டர், இத வெச்சு எனக்கு வருமா வராதான்னு சொல்லிருவீங்களா?”

அன்றைக்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன். இது ஆளுக்கு ஆள் சொல்லுகிற பரிசோதனை இல்லை கண்ணு, நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், அதுவும் தெரியாமலே போகலாம் என்றேன். அவள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “செரிங்க” என்றாள். அந்தப் பதிலோடு நான் நின்றிருக்கலாம்.

நோயில்லாதவர்களிடம் இரத்தம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மலையில் இன்னொரு ஊரான செம்மநத்தத்தில் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒருத்தியும் கை நீட்டவில்லை. மரியாதையாக உட்காரவைத்தார்கள், காபி கொடுத்தார்கள், சிரித்தார்கள், எழுந்து போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் காரணத்தைச் சொன்னாள். நோவு இல்லாத உடம்பில் ஊசி குத்தினால் நோவை உள்ளே விட்டதுபோல ஆகிவிடுமாம். துணைக்கு வந்திருந்த ஸ்டெல்லா என் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். “மொதல்ல எங்க சிஸ்டர் குடுப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீனா நீங்க குடுங்க” என்றாள்.

என்னிடம் கேட்கவே இல்லை. ரப்பர் குழாயை என் கையில் அவளே கட்டினாள். இடது கையிலிருந்து வலது கையால் நானே எடுத்தேன். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்க்கு எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டும்போது என் கையெழுத்து கோணிப்போனது, அதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். சாயங்கால பஸ் வருவதற்குள் பதினொரு பேர் கொடுத்துவிட்டார்கள். நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, வயதும் ஊரும் பொருந்துகிறது, இருக்கட்டும் என்று என் குழாயையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் மலைக்குப் போகும்போதெல்லாம் ஸ்டெல்லா கூடவே வந்தாள். குறுகலான ரோடு, ஜீப் வந்தால் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் பேசுவாள், நடக்கும்போது அவள் வேகத்துக்கு யாராலும் பேச முடியாது. இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். அதுவும் பெண் பிள்ளை. ஊட்டுக்காரர், அந்த எஸ்டேட் ரைட்டர், ஒன்று போதும் என்கிறாராம்.

“ஆக்னஸ் ஒத்தையா வளரக்கூடாதுங்க சிஸ்டர். எனக்கு அம்மா மொகம் செரியா நெனப்புல இல்ல. ஆனா அம்மா இல்லீன்னு நான் ஒருநாளும் அழுததில்லீங்க. அக்கா இருந்துச்சு.”

ஜீப் போய்விட்டது. அவள் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கும் ஒரு தங்கை இருந்தாள், பிரசவத்தில் போய்விட்டாள். அதை ஸ்டெல்லாவிடம் நான் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் எனக்கு இரத்தம் கொடுத்த பெண்ணாக மட்டும் இருக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இது நடக்கும். ஒருவர் மேல் பிரியம் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிரியம் வந்துவிட்டால், அந்த ஆளைப் பற்றிய முடிவு எதையும் நீங்கள் மட்டும் தனியாக எடுக்காதீர்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது மேரிக்கு நுரையீரலிலும் நீர் சேர்ந்துவிட்டது. அதற்குமேல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டரம்மா அவளிடமே சொன்னார். மேரி கேட்டுக்கொண்டாள். விடுதிப் பிள்ளைகளுக்குத் தைத்து முடிக்காத பாவாடைகள் இருக்கின்றன, வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். மறுநாள் நான் தலையணை மாற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வந்தது வந்துட்டுப் போகுதுங்க. ஸ்டெல்லாவுக்கு வரக்கூடாது. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா மறைக்காம சொல்லிருங்க சிஸ்டர்.”

சொல்கிறேன் என்றேன். சாகப்போகிறவள் கேட்கும்போது வேறு என்ன சொல்வது என்று நீங்கள் நினைக்கலாம். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக் கொடுத்திருக்கலாம். அவள் கேட்டது வாக்கு. நான் என்னிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்தேன். ஆறு நாளில் மேரி இறந்தாள். ஏற்காட்டில் அடக்கம். மண் போடும்போது ஸ்டெல்லா அழவே இல்லை, ஆக்னஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என் தவறு. ஆய்வகத்தில் முடிவுகளை எண்களாகத்தான் எழுதி வைப்பார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் அலமாரியில் இருந்தது. இரண்டையும் ஒருவரே பார்க்கக்கூடாது. ஒரு மத்தியானம், ஆய்வகப் பையன்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நோட்டைத் திறந்து பார்த்தேன். முழு நோட்டையும் பார்க்கவில்லை. இரண்டு எண்களை மட்டும் பார்த்தேன். மேரிக்கு அந்தத் துண்டு இருந்தது. ஸ்டெல்லாவுக்கும் இருந்தது.

என் தலைக்குள் கணக்கு முடிந்துவிட்டது. அக்காவுக்கு இருந்தது, அக்கா செத்துப்போனாள். தங்கைக்கும் இருக்கிறது. பதினைந்து வருடத்துக்குமேல் மருத்துவமனையில் வேலை பார்த்தவள், அந்த ஆய்வு எதற்காக என்று ஊர் ஊராகப் போய் விளக்கியவள், இவ்வளவு எளிதாக ஏமாந்தேன். மற்ற எண்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

மேரியின் முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். மாதா கோயிலிலிருந்து வந்து சாப்பாடு முடிந்ததும், ஸ்டெல்லா என்னைக் காபிக் களத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். ஊட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டாளாம். கருத்தடைக்குப் போட்டிருந்ததை எடுத்துவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “அக்காளுக்கு இருந்தது எனக்கும் இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஆமாம் என்று. அவள் காய்ந்துகொண்டிருந்த கொட்டையைக் காலால் ஒருமுறை கிளறிவிட்டாள். பிறகு என்னை பஸ் நிற்குமிடம்வரை கொண்டுவந்து விட்டாள். வழக்கமான வேகம் இல்லை, என்னோடு சேர்ந்து நடந்தாள். பஸ்ஸில் இறங்கி வரும்போது நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்கக்கூடாது. மேரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் எனக்கு மலைப் பக்கம் வேலை இல்லை. அடுத்து நான் போனபோது ஸ்டெல்லா கட்டிலில் படுத்திருந்தாள். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாம் எடுத்தாகிவிட்டது. கீழே எங்கோ ஒரு தனியார் மருத்துவமனையில் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்த நோய், எனக்கும் இரத்தத்தில் இருக்கிறதாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று அவள் சொன்னதும், அந்த மருத்துவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாராம். பார்த்துச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

“எடுத்தாச்சுங்க சிஸ்டர்” என்றாள். முகத்தில் பாரம் இறங்கிய களை இருந்தது. “ஆக்னஸுக்கு அம்மாவாச்சும் இருக்கட்டும்.”

கீழே வந்ததும் நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திறந்தது, தலையை ஆட்டியது, எல்லாம். அவர் கோபக்காரர். வார்டில் அவர் குரல் கேட்டால் நாங்கள் ஒளிந்துகொள்வோம். அன்று அவர் சத்தம் போடவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நோயில்லாத பெண்களின் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பெயர்கள் கிடையாது, எண்கள்தான். துண்டு உள்ள எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலும் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. நோயாளிகள் பக்கத்தில் இருந்ததற்கு ஏறக்குறைய அதே மாதிரி. மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். செம்மநத்தத்தில் நான் ஒட்டிய எண்கள் வந்தன. கோணல் கையெழுத்தில் ஒட்டிய எண்ணும் வந்தது. அதற்குப் பக்கத்திலும் சிவப்புப் புள்ளி இருந்தது.

அந்தத் துண்டு எனக்கும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், ஒரு குறையும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு எந்த எண் என்னுடையது என்று தெரியாது. நான் சொல்லவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

“அவங்களுக்கு ஆபத்து இல்லைன்னு நான் சொல்லல. அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்திருக்கு. அந்த ஒரு விஷயமே போதும், அதுக்கு இந்த நோட்டு வேண்டாம். என்கிட்ட கூட்டிட்டு வந்திருந்தா இன்னொரு குழந்தை பெத்துக்கோங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நடுவுல நாங்க பாத்துக்கறோம், அப்புறம் எடுத்துடலாம்னு சொல்லியிருப்பேன். ரெண்டு வருஷம், சரோஜா. அவங்க கேட்டது அவ்வளவுதான்.”

குடும்பங்களில் இந்த நோயைக் கொண்டுவரும் வேறு மரபணுக்களை உலகம் அப்போதுதான் கண்டுகொண்டிருந்தது. அவற்றைப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. ஸ்டெல்லாவின் வீட்டில் வந்தது அப்படி ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் பார்த்த துண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஆய்வு பிற்பாடு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் முடிந்தது. வேறு இடங்களில் செய்ததும் ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்ததாகப் படித்தேன்.

உண்மையை ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும் என்பதில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. போன உறுப்பு திரும்பாது, ஆனால் இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அவள் தன் மகளையும் வளர்ப்பாள், அது கூடாது என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். நானே போய்ச் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் பத்து மாதம் சொல்லவில்லை.

போகாமல் இல்லை, போனேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் நன்றாக இருக்கிற மாதிரி இருந்தால், நன்றாக இருக்கிறாள், கெடுப்பானேன் என்று திரும்பினேன். அழுதுகொண்டிருந்தால், இந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று திரும்பினேன். சினைப்பையை எடுத்துவிட்டதால் முப்பத்திரண்டு வயதில் ஐம்பது வயதுக்காரியின் உடம்பு அவளுக்கு வந்துவிட்டது. மார்கழி மாதம், மலையில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள், இவள் கதவைத் திறந்துபோட்டுச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றாள். ஆக்னஸை அடித்துவிடுகிறேன் என்றாள். இதுவும் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டியது முதல் தவறு. இந்தப் பத்து மாதம் அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறைப் பிரியத்தால் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை எனக்காகச் செய்தேன்.

கடைசியில் சொன்ன அன்று அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்காரச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்குத் தெரிய உரிமையில்லாததைப் பார்த்தேன் என்றும், பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றும், அந்தத் துண்டு நல்ல உடம்போடு இருக்கிற எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா, அக்கா வழியில் உனக்கு ஆபத்து இருந்தது உண்மை, எடுத்தது உன்னைக் காப்பாற்றியும் இருக்கலாம், ஆனால் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டியதில்லை, பிள்ளை பெற்றுக்கொண்டு பிறகு எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். செம்மநத்தத்தில் ரப்பர் குழாய் கட்டிய கை.

“உங்களுக்கும் இருக்குதுங்களா?”

“இருக்கு கண்ணு.”

“உங்களுக்கு எத்தன புள்ளைங்க சிஸ்டர்?”

அவளுக்குத் தெரியும். என் பிள்ளைகளின் பெயர், படிப்பு எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்டாள். இரண்டு என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். களைந்து வைத்திருந்த அரிசியை மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் களைந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, “இன்னிக்கு நீங்க போங்க சிஸ்டர்” என்றாள். அப்போதும் வாயில் மரியாதை குறையவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மருத்துவமனையில் என் மேல் விசாரணை நடந்தது. ஆய்விலிருந்து எடுத்துவிட்டு வார்டுக்கே அனுப்பினார்கள். அது நியாயம். எண்ணும் பெயரும் ஒருவர் கையில் இருக்கக்கூடாது என்று அன்றிலிருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒருவர் பார்க்கக்கூடியதை மற்றவர் பார்க்க முடியாமல் வைத்திருக்கிறார்களே, அதை நீங்கள் தொந்தரவு என்று அலுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அலுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. உடைக்காதீர்கள்.

மூன்று வருடம் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. வார்டில் ஏற்காட்டிலிருந்து யாராவது வந்தால், கொட்டச்சேட்டுப் பக்கமா என்று கேட்பேன். அந்த ரோட்டில் யாரோ எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்துபோவதுபோல அடிக்கடி நினைப்பு வரும். கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். தங்கை போனபோது இருந்த மாதிரியே வீட்டில் இருந்தேன். என் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் காதில் விழாது. என் மகள் ஒருநாள், உனக்கு யாரும்மா செத்துப்போனாங்க என்று கேட்டாள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் ஒருநாள், வெளிநோயாளிகள் வரிசையில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். உடம்பு பூசினாற்போல இருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. எனக்காகத்தான் வந்திருந்தாள். ஆக்னஸுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இந்த முறை இல்லை என்று சொன்னேன். இந்த வயதில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வளரட்டும், பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும், அதற்குள் நல்ல பரிசோதனை வரும், அப்போது அதற்கென்று படித்தவர்களிடம் கூட்டிக்கொண்டு வா, என்னிடம் வேண்டாம் என்றேன். அவளுக்குக் கேட்டது போதுமாக இருந்தது. டாக்டரம்மாவிடமும் கூட்டிப்போய்க் காட்டினேன், அவரும் அதையே சொன்னார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். சேலம் பஸ் வர நேரமாயிற்று. நின்றுகொண்டே இருந்தோம். நான் மன்னிப்பு என்று வாயெடுத்தபோது அவள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“நான் உசுரோட இருக்கறதுக்கு உங்கள நெனைக்கறதா, அந்தப் புள்ள இல்லாததுக்கு உங்கள நெனைக்கறதான்னு எனக்கே தெரியலீங்க சிஸ்டர். ரெண்டுக்கும் நெனச்சுக்கறேன். தெனமும் நெனைக்கறேனுங்க.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, குளிர் குறைந்ததும் ஊட்டுக்கு வாங்க என்றாள். போனேன். அதன் பிறகு வருடம் ஒருமுறையாவது போய்க்கொண்டிருக்கிறேன். எங்களுக்குள் பழைய பேச்சு வரவில்லை. வரவேண்டும் என்று எனக்கு ஆசை, அவளுக்கும் இருக்கலாம். காபி குடிக்கிறோம், மேரியின் கல்லறைக்குப் போகிறோம், நான் திரும்பிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆக்னஸ் உங்கள் பிரிவுக்கு வந்தாள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அவளை உட்காரவைத்துப் பேசினார்கள். பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று அவளையே யோசிக்கச் சொல்லி அனுப்பி, மறுபடி வரச் சொல்லி, பிறகுதான் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நானும் ஸ்டெல்லாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆக்னஸ் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள், இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தார்கள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

நீங்கள் இந்த வேலைக்கு வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள், என்னால் யாருடைய பெயரையும் பிடிக்க முடியவில்லை. உங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். ஸ்டெல்லாவுக்கு அந்தப் பெண் பிறந்திருந்தால், அவளுக்கு இப்போது உங்கள் வயது.